21 வயதும் புகையிலைச் சட்டமும்: குற்றம் யாருடையது?

"இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவர்கள் புகைப்பது தண்டனைக்குரிய குற்றமாகும்." வகுப்பில் இப்பாடத்துக்கு மாதிரி வினா கொடுக்கும்போதெல்லாம் இந்த வாக்கியம் பல விடைத்தாள்களில் வந்துவிடுகிறது. மாணவர்களே, இது பிழை. இந்தப் பிழையை விளங்கிக்கொண்டால் சட்டத்தின் நோக்கமே விளங்கிவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குவோம்.

நாம் கற்க வேண்டியது 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டமாகும். அதன் 31 ஆம் பிரிவு, 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் புகையிலை உற்பத்திப் பொருளையோ மதுசாரத்தையோ விற்பதைத் தடைசெய்கிறது. இங்கே வினைச்சொல்லைக் கவனியுங்கள். "விற்றல்" என்றே உள்ளது. "புகைத்தல்" என்று இல்லை. ஆகவே நீதிமன்றத்துக்குப் போக வேண்டியவர் விற்றவரே. வாங்கிய பிள்ளை அல்ல. குற்றவாளியாகக் காணப்படும் விற்பனையாளருக்குப் பத்தாயிரம் ரூபாவுக்கு மேற்படாத தண்டப்பணமோ, ஒரு வருடத்துக்கு மேற்படாத சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். "தம்பி, ஓடிப்போய்ச் சந்திக்கடையிலை ஒரு சிகரட் வாங்கிக்கொண்டு வா" என்று அப்பாவோ மாமாவோ சொல்வது நம் ஊர்களில் புதுமையன்று. பிள்ளை புகைக்கப் போவதில்லை, மாமாவுக்குத்தான் வாங்குகிறான். ஆயினும் பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் சிகரட்டைக் கொடுத்துக் காசை வாங்கியவுடன் கடைக்காரர் சட்டத்தை மீறிவிட்டார். யாருக்காக வாங்கப்படுகிறது என்பதைப் பிரிவு 31 பார்ப்பதில்லை. யாருக்கு விற்கப்பட்டது என்பதையே பார்க்கிறது. மாமா சட்டத்தில் அகப்படமாட்டார். ஆனால் அயலிலுள்ள கடைக்காரரைக் குற்றம் செய்ய வைத்தவர் அவர்தான். அத்துடன், சிகரட் வாங்குவது பாண் வாங்குவது போல ஒரு சாதாரண வேலை என்று பிள்ளைக்குப் பழக்கியவரும் அவர்தான்.

ஏன் விற்பவரைப் பிடிக்கிறது சட்டம்? நிக்கொட்டின் அடிமைப்படுத்தும் பொருள். மனித மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்ச்சியடைகிறது. அக்காலத்தில் நிக்கொட்டின் கவனத்தையும் கற்றலையும் பாதிப்பதோடு விரைவில் அடிமையாக்கியும் விடுகிறது. இலாபம் பெறுபவர் வளர்ந்தவராகவும் பாதிப்படைபவர் பிள்ளையாகவும் இருக்கும்போது பிள்ளையைத் தண்டிப்பது நீதியாகாது. தண்டனைக்குப் பயந்த பிள்ளை உதவி கேட்கவும் முன்வராது. ஒழுங்குபடுத்தல் பற்றிய வினாக்களுக்கு விடை எழுதும்போது இந்தக் காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விற்பனை நிலையத்தில், 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பனை இல்லை என்ற அறிவித்தல் காட்சிப்படுத்தப்பட வேண்டும். தன்னியக்க விற்பனை இயந்திரங்கள் மூலம் சிகரட் விற்பதும் தடை. இயந்திரத்துக்கு வயது கேட்கத் தெரியாதல்லவா? விளம்பரம், அனுசரணை, இலவச விநியோகம் என்பனவும் இச்சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன. மூடப்பட்ட பொது இடங்களில் புகைத்தல் வயது வேறுபாடின்றி எல்லோருக்கும் தடையாகும். அதாவது 16 வயதுடையவர் பஸ்ஸுக்குள் புகைத்தால் அது குற்றம். வயதினால் அல்ல, இடத்தினால்.

இச்சட்டத்துக்குப் பின்னணியாக அமைந்தது உலக சுகாதார ஸ்தாபனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டகச் சமவாயமாகும். 2003 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட இச்சமவாயத்தை அதே ஆண்டு நவம்பரில் இலங்கை ஏற்புறுதி செய்தது. ஆசியாவில் முதலாவதாக அவ்வாறு செய்த நாடு இலங்கையே.

பெட்டியிலுள்ள படம்

அரசாங்கத்தின் மூன்று துறைகளும் எவ்வாறு இயங்குகின்றன என்று உதாரணம் கேட்டால் பலர் பாடப்புத்தக வரைவிலக்கணத்தையே எழுதுகிறார்கள். சிகரட் பெட்டியின் கதையை எழுதிப் பாருங்கள். 2012 இல் சுகாதார அமைச்சர், பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் நோயைக் காட்டும் எச்சரிக்கைப் படம் அச்சிடப்பட வேண்டும் என ஒழுங்குவிதி வெளியிட்டார். இது நிறைவேற்றுத்துறையின் செயல். நாட்டில் சிகரட் தயாரிக்கும் சிலோன் டுபாக்கோ கம்பனி நீதிமன்றம் சென்றது. படத்துடன் கூடிய எச்சரிக்கையை ஏற்ற மேன்முறையீட்டு நீதிமன்றம், அதன் அளவை 50 முதல் 60 சதவீதம் வரை குறைத்தது. இது நீதித்துறை. பின்னர் 2015 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் பாராளுமன்றம் 80 சதவீதத்தைச் சட்டத்திலேயே எழுதியது. இது சட்டத்துறை. ஒழுங்குவிதியாக இருந்தபோது குறைக்கப்பட்ட அளவு, சட்டமாகியபோது நிலைபெற்றது. சட்டத்துக்கும் அதன் கீழ் ஆக்கப்படும் ஒழுங்குவிதிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனாலும் ஒரு குறை உண்டு. பாடசாலை மாணவன் பெட்டியாக வாங்குவதில்லை. ஒன்றாகவோ இரண்டாகவோ வாங்குகிறான். ஒற்றைச் சிகரட்டில் படம் ஏது? பெட்டி கடைக்காரரின் இலாச்சிக்குள் இருந்துவிடுகிறது.

இலத்திரனியல் சிகரட்

இங்கே இரண்டாவது பிழை வருகிறது. "21 வயதுக்கு மேற்பட்டோர் மட்டுமே இலத்திரனியல் சிகரட் வாங்கலாம்" என்று எழுதுகிறார்கள். சிகரட்டுக்கு வயதெல்லை, இதற்குத் தடை. 2016 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள், புகையற்ற புகையிலைக் கலவைகள், வாசனையோ நிறமோ இனிப்போ ஊட்டப்பட்ட சிகரட்டுகள், புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரட்டுகள் ஆகியவற்றின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை என்பவற்றைத் தடைசெய்தன. விற்பனையைத் தடைசெய்த நாடுகளுள் ஒன்றாக இலங்கை கணக்கிடப்படுகிறது.

"வேப்" எனப்படும் இக்கருவி மின்கலத்தின் சக்தியால் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிறது. அத்திரவத்தில் பெரும்பாலும் இருப்பது நிக்கொட்டினும் பழவாசனையும். பேனா போன்ற தோற்றம். சிகரட்டின் நாற்றம் இல்லை. ஆசிரியரோ பெற்றோரோ கண்டுபிடிப்பது கடினம். "புகையில்லை, ஆகவே தீங்கில்லை" என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். அடிமைப்படுத்துவது புகையன்று, நிக்கொட்டின். அது இரண்டிலும் உண்டு.

அயல்நாடான மாலைதீவு இதைவிடக் கடுமையான வழியில் சென்றுள்ளது. 2024 இன் இறுதியில் வேப் இறக்குமதியையும் பாவனையையும் தடைசெய்தது. 2025 நவம்பர் முதலாம் திகதி தொடக்கம், 2007 ஜனவரி முதலாம் திகதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குப் புகையிலை விற்பனையையும் நிறுத்தியது. அங்கே இன்று பாடசாலையில் படிப்பவர் ஐம்பது வயதானாலும் சட்டப்படி சிகரட் வாங்க முடியாது. ஒப்பிட்டு எழுதும் வினா வந்தால் இவ்வேறுபாடு கைகொடுக்கும்: இலங்கையில் வயதெல்லை, மாலைதீவில் பிறந்த திகதி.

பயிற்சி வினா

17 வயதுடைய கண்ணன், 24 வயதுடைய தன் அண்ணனுக்காகக் கடையொன்றில் இரண்டு சிகரட்டுகள் வாங்குகிறான். கடையில் வயது பற்றிய அறிவித்தல் இல்லை. கடைக்காரர் மாம்பழ வாசனையுள்ள, புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரட் ஒன்றையும் அண்ணனிடம் கொடுக்கும்படி கூறி அவனுக்கு விற்கிறார்.

(அ) கடைக்காரர் மீறிய விதிகள் மூன்றைக் குறிப்பிடுக.
(ஆ) 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31 ஆம் பிரிவின் கீழ் கண்ணன் தண்டிக்கப்படுவானா? காரணம் தருக.
(இ) அண்ணனே நேரில் சென்றிருந்தால் (அ) இற்கான உமது விடையில் எது மாறும், எவை மாறா?