இசை என்று ஏற்கப்படாத இசை

அறிவியல் புனைகதைப் படத்துக்கு இசையமைப்பவரின் இக்கட்டு தனித்தன்மை வாய்ந்தது. எவரும் கண்டிராத ஒரு கோளின் காற்று எப்படி ஒலிக்கும்? அங்கே உலவும் உருவமற்ற அச்சத்துக்கு எந்த இசைக்கருவி பொருந்தும்?

இதற்குத் திரையுலகம் கண்ட விடைகளில் இரண்டு முதன்மையானவை. ஒன்று, அறியாத உலகத்துக்கு அறிந்த இசையைத் தருவது. 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' இவ்வழியில் சென்றது. ஜான் வில்லியம்ஸ், லண்டன் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மரபில் இசையமைத்தார். கண் புதியதைக் கண்டு மருண்டபோது, செவி பழகியதைப் பற்றிக்கொண்டது. அவ்விசை ஆஸ்கர் விருதும் பெற்றது.

மற்றொன்று, கேட்டறியாத ஒலியையே படைப்பது. அதை 21 ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியவர்கள் லூயி பேரன், பீபி பேரன் என்னும் அமெரிக்கத் தம்பதி. 1956-இல் எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்ட 'ஃபர்பிடன் பிளானட்' படத்துக்கு முழுவதும் மின்னணு ஒலிகளாலேயே அவர்கள் இசையமைத்தனர். கடையில் வாங்கக்கூடிய சின்தசைசர் அன்று இல்லை. நியூயார்க்கிலிருந்த தங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் மின்சுற்றுகளைத் தாங்களே அமைத்தனர். அவை தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ச்சி, அப்போது எழுந்த முனகலையும் அலறலையும் காந்த நாடாவில் பதிந்தனர். பல சுற்றுகள் கருகிப்போயின. கருகிய சுற்றின் ஒலி மீண்டும் கிடைக்காது. அந்த நாடாக்களை வெட்டி, ஒட்டி, வேகத்தை மாற்றி இசைக்கோவையாக்கினர்.

ஆனால், படத்தின் பெயர்ப் பட்டியலில் 'இசை' என்ற சொல் அவர்களுக்கு வழங்கப்படவில்லை. 'மின்னணு ஒலியமைவுகள்' என்றே குறிக்கப்பட்டது. அவர்கள் இசைக்கலைஞர் சங்கத்தின் உறுப்பினர்கள் அல்லர்; சங்கத்துடன் பூசல் எழும் எனப் படநிறுவனம் தயங்கியது. அதன்பின் ஹாலிவுட்டின் பெரும்படம் எதற்கும் அவர்கள் இசையமைக்கவில்லை.

சங்கத்தின் கவலையை அறியாமை என்று, பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், என்னால் ஒதுக்கிவிட முடியாது. நிகழ்த்துகலைகளின் பொருளாதாரம் குறித்து 1966-இல் பாமோல், போவன் ஆகியோர் எழுதிய நூல் இதைத் தெளிவாக்குகிறது. நால்வர் வாசிக்க வேண்டிய படைப்புக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் நால்வர் தேவை. இன்றும் நால்வர் தேவை. பிற துறைகளில் உற்பத்தித்திறனோடு ஊதியம் உயர உயர, இசைக்குழுவின் செலவும் ஒப்பீட்டளவில் ஏறிக்கொண்டே போகும். ஆள்களைக் குறைக்கும் கருவி வந்தால் தயாரிப்பாளர் அதை நாடுவது இயல்பே.

அச்சம் நியாயமானது, தீர்வுதான் பிழையானது. பெயரை மாற்றியதால் அப்படத்தில் வயலின் வாசிக்கும் வாய்ப்பு எவருக்கும் வந்துவிடவில்லை. இருவரின் உழைப்பு மறைக்கப்பட்டதே மிச்சம்.

செயற்கை நுண்ணறிவு நொடிகளில் பின்னணி இசையை உருவாக்கித் தரும் இன்று, அதே பூசல் புது வடிவில் திரும்பியிருக்கிறது. ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. பேரன் தம்பதியின் ஒலி, அவர்கள் கைப்பட அமைத்த சுற்றுகளிலிருந்து பிறந்தது. இன்றைய மென்பொருளோ முன்னோர் பதிந்துவைத்த இசையைக் கற்றே இசைக்கிறது. எனவே, 'இது இசையா?' என்று கேட்பதில் பயனில்லை. 'இதில் யாருடைய உழைப்பு அடங்கியுள்ளது? அவர்கள் இசைந்தனரா? அவர்களுக்கு உரிய பங்கு சேர்ந்ததா?' என்பவையே நாம் எழுப்ப வேண்டிய வினாக்கள். கருவியைத் தடுப்பது கடினம். உழைத்தவரின் பெயரையும் ஊதியத்தையும் சட்டத்தால் காப்பது இயலக்கூடியதே.