'அமேலி' திரைப்படமும் பொய்யின் எல்லையும்

பலரும் போற்றும் கலைப்படைப்பு ஒன்றனைச் சுவையாதார், தம் சுவையின்மைக்குக் காரணம் கூறக் கடமைப்பட்டவராவர். காரணம் கூறாத வெறுப்பு, காரணம் கூறாத புகழ்ச்சியினும் சிறந்ததன்று. பிரெஞ்சு இயக்குநர் ழான் பியேர் ழனே 2001 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அமேலி' என்னும் காதற்படம் எமக்கு உவப்பளிக்கவில்லை. அதுவோ 2002 இல் பிரான்சின் சேசர் விருதுகளுள் சிறந்த படம், சிறந்த இயக்கம் உட்பட நான்கினைப் பெற்றது. உலகெங்கும் அன்பரை உடையது. ஆதலின் எம் கருத்தை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

பாரிசு நகரின் மோன்மார்த்ர் பகுதியில் ஒரு காப்பிக்கடையிற் பணிபுரியும் இளம்பெண் அமேலி. தன் வீட்டுச் சுவரில் மறைந்து கிடந்த, ஒரு சிறுவனின் பழம்பொருட் பெட்டியைப் பல்லாண்டு கழித்து உரியவனிடம் சேர்ப்பிக்கின்றாள். அவன் நெகிழ்வு கண்டபின், பிறர் வாழ்வை மறைந்து நின்று திருத்துவதையே தொழிலாகக் கொள்கின்றாள். தொல்காப்பியர் உவகையின் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். இப்படத்தின் உவகை பெரும்பாலும் அதன்பாற்பட்டதே. அதனை யாம் குறையென்னோம். ஆயின், விளையாட்டில் எதிர்நிற்பார் தாமும் ஆடுகின்றோம் என்பதை அறிதல் வேண்டும். ஈண்டு அவர் அறியார்.

ஒரு காட்சி சான்றாகும். அக்கட்டடத்தின் வாயில் காக்கும் கைம்பெண், தன்னைக் கைவிட்டு அயல்நாடு சென்று இறந்த கணவனை எண்ணி வருந்துகின்றாள். அமேலி அவன் பழைய கடிதங்களைக் கவர்ந்து, தொடர்களை வெட்டி ஒட்டி, மன்னிப்பு வேண்டும் புதியதொரு கடிதம் புனைகின்றாள். விமான விபத்திற் காணாமற்போய்ப் பின்னர்க் கிடைத்த அஞ்சற்பையில் இருந்ததென அதனை நம்பவைக்கின்றாள். கைம்பெண் மகிழ்கின்றாள். கண்ட அளவில் யாமும் நெகிழ்ந்தோம், பின்னர் நாணினோம்.

குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்ததாகும் என வள்ளுவர் கூறினாரன்றோ எனின், கூறினார். ஆயின், நன்மை என்று மட்டும் கூறி அமையாது, குற்றமற்ற நன்மை என அவர் வரையறுத்தமை நோக்கற்பாலது. அப்பெண்ணின் துயரம் உண்மையானது. அஃது அவளுக்கே உரியது. அதனை அவளைக் கேளாது மாற்றி, இல்லாத அன்பொன்றை அவள் கையிற் கொடுத்தல் குற்றம் நீங்கியதாகுமா? ஆகாது என்பதே எம் துணிபு.

செர்ழ் ககான்ஸ்கி என்னும் திறனாய்வாளர், பல்லின மக்கள் அகற்றப்பெற்ற பாரிசு இஃதென 2001 இலேயே கண்டித்தார். எம் தடை அதனின் வேறாயினும், இரண்டும் ஓரிடத்தே சென்று பொருந்தும்: இப்படம் தன் அழகுக்கு இடையூறாவதைத் துடைத்துவிடுகின்றது.

படத்துக்கும் இக்குறை ஓரளவு தெரியும். மறைந்து நில்லாது தன் காதலை எதிர்கொள்ளுமாறு அண்டை வீட்டு முதிய ஓவியர் அமேலியைத் தூண்டுகின்றார். அவளும் இறுதியிற் காதலனுக்குக் கதவு திறக்கின்றாள். அவ்விடத்து யாமும் மகிழ்ந்தோம். ஆயினும், கீழே வாயிலில் இருப்பவள் கையில் அப்பொய்க் கடிதம் இன்னும் இருக்கின்றது.