யென் வருகிறது, துபாஷிகள் எங்கே?

புது தில்லி: அடுத்த 10 ஆண்டுகளில் இந்தியாவில் 10 லட்சம் கோடி யென் தனியார் முதலீடு என்ற இலக்கை, 2025 ஆகஸ்டில் டோக்கியோவில் பிரதமர் மோடியும் அப்போதைய ஜப்பானியப் பிரதமர் இஷிபாவும் அறிவித்தனர். அதே ஆண்டில் யெஸ் வங்கியின் பங்குகளை ஜப்பானின் சுமிடோமோ மிட்சுயி வங்கி வாங்கியது. இத்தகைய பேரங்களில் இருதரப்புக்கும் நடுவே அமர்ந்து, ஜப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து ஜப்பானிய மொழிக்கும் பேச்சை மாற்றித் தருவதற்கு மொழியறிவு மட்டும் போதாது.

முதல் இடறல் எண்களில். ஜப்பானியர் பெரிய தொகைகளை 'ஒக்கு' என்ற அலகில் சொல்கின்றனர். ஓர் ஒக்கு என்பது பத்துக் கோடி. 300 ஒக்கு யென் என்றால் ஆங்கிலத்தில் 30 பில்லியன். நம் கணக்கில் 3,000 கோடி. ஒரு சுழி தவறினால் பேரமே மாறிவிடும்.

அடுத்தது நிதியாண்டு. 2024 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டு ஜப்பானியருக்கு 2024-ஆம் நிதியாண்டு. இந்திய நிறுவனங்களோ முடியும் ஆண்டைக் கொண்டு அதனை 'நிதியாண்டு 25' என்கின்றன. இதை அறியாதவர் லாபக் கணக்கை ஓராண்டு தள்ளிச் சொல்லிவிடக்கூடும்.

'கென்தோ ஷிமாசு' என்றால் 'பரிசீலிக்கிறோம்' என்று பொருள். ஆனால், பல வேளைகளில் அது மரியாதையான மறுப்பு. அமைச்சர்களின் 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலுக்குப் பழகிய நாடாளுமன்ற வட்டாரங்களுக்கு இது எளிதில் விளங்கும்.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் உச்சநிலையான 'என்-1' சான்றிதழும் இதற்கு உத்தரவாதமல்ல. அத்தேர்வில் பேச்சுத் திறன் சோதிக்கப்படுவதில்லை. எனவே, ஆண்டறிக்கையின் ஒரு பக்கத்தைக் கொடுத்து வாய்மொழியாகச் சொல்லவைத்துப் பார்ப்பதே சரியான சோதனை. தேர்ந்தெடுத்தவரிடம் ரகசியக் காப்பு ஒப்பந்தம் பெற்று, ஆவணங்களையும் கலைச்சொற்களையும் முன்கூட்டியே தருவது அவசியம்.

2017-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஜப்பானிய மொழி ஆசிரியர்களுக்கான பயிற்சி மையம் 2018-இல் தில்லியில் தொடங்கப்பட்டது. அது மொழிக்கான அடித்தளம். அதன்மீது நிதித்துறைப் பயிற்சியும் அமைந்தால்தான் பேச்சுவார்த்தைக்கு உதவும்.

பெரிய நிறுவனங்கள் செலவழித்துத் தகுதியானவரை அமர்த்திக்கொள்ளும். ஜப்பானியக் கூட்டாளியைத் தேடும் சிறு நிறுவனமோ, எதிர்த்தரப்பு அழைத்துவரும் மொழிபெயர்ப்பாளரையே நம்பிக் கையெழுத்திடும் நிலைக்கு ஆளாகலாம். முதலீட்டு இலக்கை நிர்ணயிக்கும் அரசுகள், அந்தக் கையெழுத்தின் பொருளை விளக்கிச் சொல்பவர்களை உருவாக்குவதிலும் கவனம் செலுத்த வேண்டும்.