அறுவைக்குப் பின் இருதய நோயாளி

செர்டாங் வட்டாரத்தார் இருதய அறுவைக்கு அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியை முதன்முறை காணும் உறவினர் திடுக்கிடுவது இயல்பே. முகம் உப்பியிருக்கும், கைகால் சில்லிட்டிருக்கும், வாயில் மூச்சுக்குழாய், மார்பில் இரத்தம் வடிக்கும் குழாய்கள், கைகளிலே மெல்லிய கட்டு. இவை கேட்டின் அறிகுறிகள் அல்ல. அறுவையின்போது இரத்தம் இருதய நுரையீரற் பொறியின் வழியே ஓடியதனாலும், ஏற்றிய திரவத்தினாலும் வீக்கம் உண்டாகிறது. (அப்பொறியை 1953இல் அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன் முதன்முதல் வெற்றியுடன் பயன்படுத்தினார்.) கைக்கட்டோ, அரைமயக்கத்தில் நோயாளி குழாயைப் பிடுங்கிவிடாதிருக்க.

மயக்கம் தெளிந்து தாமே மூச்சுவிடத் தொடங்கியதும் குழாயை எடுப்பர்; பலருக்கு அன்றே, அல்லது மறுநாள். அதுவரை பேச இயலாது, குழாய் குரல்நாண்களினிடையே செல்வதால். மலாய் சரளமாக அறியாத தோட்டத்து மூத்தோர்க்கு இதுவே பெருந்துன்பம். "வலி", "தாகம்", "மூச்சுமுட்டுகிறது" என்பவற்றைத் தமிழிலும் மலாயிலும் அட்டையில் எழுதி முன்னரே தாதியரிடம் கொடுக்கலாம். எழுத்தறியாதார்க்குப் படம் போதும்.

இரண்டொரு நாளில் சிலர் பிதற்றுவர். மறைந்த தாயை அழைப்பர், விடியுமுன் பால்வெட்டப் புறப்படுவர். பேய் பிடித்ததென மந்திரிக்க ஓடுவாரும் உண்டு! சன்னி என்னும் பழஞ்சொல்லே இதற்குப் பொருந்தும். பெரும்பாலும் சில நாட்களில் தணியும். ஆயினும் தாதியரிடம் உடனே சொல்லவேண்டும். மூக்குக்கண்ணாடியை அணிவித்து, இன்ன நாள், இன்ன இடம் என்று பழகிய குரலில் தமிழிலே சொல்லிக்கொண்டிருப்பது நோயாளியின் மனத்தை நிலைப்படுத்தும்.