மலைநாட்டு மழையும் ஜீப் வண்டியும்

பேராதனையில் உறைபனி விழுவதில்லை. குளிர்நாடுகளில் பாதைப் பனியைக் கரைக்கத் தூவும் உப்பு வண்டிகளை அரிக்கும் தொல்லையும் இங்கில்லை. ஆயினும் தென்மேற்குப் பருவமழையும் அதனைத் தொடரும் ஐப்பசி மழையும் பல மாதங்கள் இரும்பை உலரவிடுவதில்லை. துருவேற நீரும் பிராணவாயுவும் போதும்.

1948இல் வெளிவந்த லாண்ட் ரோவர் வண்டியின் உடலை, போருக்குப்பின் உருக்குத் தட்டுப்பாடு நிலவியமையால், அலுமினியக் கலவைத் தகட்டால் அமைத்தனர். அது இரும்பைப்போலத் துருவேறுவதில்லை. உரிமையாளரை ஏமாற்றுவதும் அதுவே! மேலே பழுதின்றித் தோன்றும் வண்டியின் அடிச்சட்டமோ உட்குழிவான உருக்குப் பெட்டி. தேயிலைத் தோட்டப் பாதையின் சேறு அதன் வடிதுளைகளை அடைத்துக்கொண்டால், உட்புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பூசிய வர்ணம் அதனைத் தடுக்காது. சில ஆண்டுகளில், சுமையோடு சரிவில் இறங்குகையில் சட்டம் ஒடியவுங் கூடும்.

ஆகவே சேற்றுப் பயணம் முடிந்த அன்றே அடிப்புறத்தைக் கழுவி, துளைகளைக் கம்பியால் குத்தித் திறத்தல் வேண்டும். ஈரவண்டியைத் தார்ப்பாயால் இறுகப் போர்த்துவது பாதுகாப்பன்று; ஈரத்தைச் சிறைப்படுத்துவதாகும். தை, மாசியில் நன்கு உலர்ந்தபின் சட்டத்தினுள் மெழுகு கலந்த எண்ணெயைப் பீச்சுவர். அதற்குமுன் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தல் நன்று. கணீரென ஒலியாது மந்தமாக ஒலிக்கும் இடத்தில் உருக்கு மெலிந்திருக்கும். அங்கே எண்ணெய் போதாது, ஒட்டுவேலை தேவை.