மின்னேட்டிற்கும் உரை வேண்டும்

தமிழ் நூல்கள் முன்னர் ஓலையில் வாழ்ந்தன; பின்னர்த் தாளுக்கு வந்தன; இன்று மின்திரைக்கு வந்துள்ளன. 1998ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டம், ஊதியம் கருதாத தொண்டர்களின் உழைப்பால் பழந்தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றியது. சிங்கப்பூர் விடுதலை பெற்ற 50ஆம் ஆண்டின் நினைவாக, 1965 முதல் அந்நாட்டில் வெளிவந்த ஏறத்தாழ 350 தமிழ் இலக்கிய நூல்கள் 2015இல் மின்வடிவம் பெற்றுத் தேசிய நூலக வாரியத்தின் வழி மக்களுக்குக் கிடைத்தன. கரையானுக்கும் நெருப்புக்கும் அஞ்சிய காலம் இவ்வாறு மாறியது. ஆயினும், பேழையில் இருப்பதெல்லாம் பாடமாகி விடுமா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். மாணவர் கண் படாத மின்னேடும் அத்தகையதே. கரையான் அரித்த ஏட்டிற்கும் ஒருவரும் திறவாத ஏட்டிற்கும் பயன் அளவில் வேற்றுமை இல்லை.

படம் வேறு, பாடம் வேறு

நூலின் பக்கத்தைப் படம் பிடித்து இணையத்தில் இடுதல் முதற்படியே. கணினிக்கு அப்பக்கம் வெறும் படம். அதனுள் ஒரு சொல்லைத் தேடினால் கிட்டாது. படத்தை எழுத்தாக மாற்ற எழுத்துணரி என்னும் நிரல் உதவுகின்றது. ஆனால், மங்கிய அச்சும், ‘லை’, ‘னை’ முதலியவற்றின் பழைய வடிவங்களும் அதனைத் தடுமாறச் செய்யும். ஆகவே, மொழியறிந்தோர் ஒப்பு நோக்கித் திருத்துதல் இன்றியமையாதது.

நூற்பட்டியலும் இவ்வாறே. தலைப்பு, ஆசிரியர் பெயர், ஆண்டு ஆகியவை நூலகத்தார்க்குப் போதும், வகுப்பறைக்குப் போதா. இக்கதை எவ்வகுப்பினர்க்கு ஏற்றது? ஒரு பாடவேளையில் படித்து முடியுமா? எக்காலத்து வாழ்வைக் காட்டுகின்றது? இவற்றுக்கு விடை கூறும் குறிப்பு இல்லையேல், 350 நூல்களும் ஆசிரியருக்கு ஒரு காடாகவே தோன்றும்.

உரையாசிரியர் காட்டிய நெறி

இக்குறையைத் தீர்க்கும் வழி தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியத்தை இளம்பூரணரும், குறளைப் பரிமேலழகரும், சிலம்பை அடியார்க்கு நல்லாரும் விளக்கினர். அருஞ்சொற்குப் பொருள் கூறினர், ஐயத்தைத் தாமே எழுப்பி விடையும் தந்தனர், மேற்கோள் காட்டினர். மூலமும் மாணவனும் சந்திக்கும் இடத்தை அமைத்தவர்கள் அவர்களே. மின்னேட்டிற்கு வேண்டுவதும் அத்தகைய உரைதான்.

ஓலைச்சுவடி ஒன்றின் படத்தைச் சான்றாகக் கொள்வோம். சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இராது. காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். ப, அடுத்து அந்தக் கோடு, அடுத்து ல என வரிசையாக இருப்பின், அதனைப் பால் என்றும் படிக்கலாம்; பரல் என்றும் படிக்கலாம்; பால, பரல என்றும் படிக்கலாம். எது சரி? முன்னும் பின்னும் உள்ள சொற்களே கூறும். சிலம்பைப் பற்றிய பேச்சாயின் அது பரலாகும். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல் என்பதே வழக்கின் தீர்ப்பை மாற்றியது என்று அறிந்த மாணவன், ஓர் எழுத்தின் அருமையை அப்போது உணர்வான். 1892இல் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பிக்க எத்துணை உழைத்திருப்பார் என்பதும் அவனுக்கு விளங்கும். இத்தனைக்கும் வேண்டுவது ஒரு படமும், ஒரு வினாவும், பத்து வரி விளக்கமுமே.

செய்தித்தாளும் பாடமே

1935இல் தோன்றிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் உள்ளன. மலாயாப் பல்கலைக் கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டி, 1950ஆம் ஆண்டுகளில் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதி திரட்டப் பெற்றது. இதனை ஒரு பாடமாக அமைக்கலாம். ஆனால், இதழ்களைப் படிக்கச் சொல்வதோடு நின்றால் மாணவர் களைத்துப் போவர். ஒரு பக்கத்தைத் தேர்ந்து, மூன்று படிகளில் நடத்துதல் நன்று. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் மூல ஆவணங்களைக் கற்பிக்க ஆசிரியர்க்கு வகுத்துத் தந்த நோக்கல், எண்ணல், வினவல் என்னும் நெறி இதற்குப் பொருந்தும். பக்கத்தில் காண்பது யாது என்பது முதலாவது. அது எதனை உணர்த்துகின்றது என்பது இரண்டாவது. இன்னும் அறிய வேண்டுவது யாது என்பது மூன்றாவது.

இங்கு நல்லாசிரியர் ஒன்றைச் சுட்டுவார். நிதித் திரட்டை முன்னின்று நடத்திய கோ. சாரங்கபாணியே முரசின் ஆசிரியர். எனவே, அவ்விதழ் செய்தி கூறுவதும் ஆகும். வேண்டுகோள் விடுப்பதும் ஆகும். செய்தி எது, வேண்டுகோள் எது என்று பிரித்தறியச் செய்தால், மாணவர் தமிழோடு ஆராயும் அறிவையும் பெறுவர். அக்காலத்து வேறோர் இதழ் கிடைப்பின் ஒப்பிடச் செய்வது மேலும் சிறப்பு.

செய்யத் தக்கவை

பாடம் அமைப்போர் சிலவற்றை நெஞ்சிற் கொள்ளல் வேண்டும். நூறு பக்கங்களைக் காட்டுவதினும் ஒரு பக்கத்தை ஆழ்ந்து காட்டுதல் நன்று. மூலப் படமும் திருத்திய எழுத்தும் அருகருகே இருத்தல் வேண்டும். வீட்டில் தமிழ் பேசாத சிறார்க்கு ஒலிப்பதிவு பெருந்துணையாகும். இணையம் மெதுவாக இயங்கும் இடங்களையும் எண்ணிக் கோப்புகளைச் சிறியனவாக அமைத்தல் நலம். வாழும் எழுத்தாளரின் ஆக்கமாயின் இசைவு பெறுதல் கடமை.

மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பள்ளிக்கு ஓர் ஆசிரியர் ஆண்டுக்கு ஒரே ஒரு மின்னேட்டிற்கு இத்தகைய உரை வரைந்து, பிறரோடு பகிர்ந்து கொண்டாலும் ஓராண்டில் 500 பாடங்கள் கிடைக்கும். ஏடுகளைத் திரட்டிக் காக்கும் பணியை நூலகங்கள் செய்துள்ளன. அவற்றைத் திறந்து காட்டும் பணி தமிழாசிரியரைச் சார்ந்தது.