பாட்டி சேலை மியூசியத்துக்குப் போகுமா?

அருப்புக்கோட்டைத் தெருக்கள்ல தறிச் சத்தம் கேட்டிருப்பீங்க. அங்க நெய்யுற பருத்திச் சேலை நைஞ்சதும் தொட்டிலாகும், அப்புறம் கரித்துணி. மியூசியம் வரைக்கும் எங்க போகுது?

ஆனா நம்ம நாட்டுத் துணியை ஒருத்தர் சேர்த்தார். லண்டன் இந்தியா ஆபீஸ் அதிகாரி ஃபோர்ப்ஸ் வாட்சன். 1866-ல 700 துணித் துண்டுகளை வெட்டி, 18 தொகுதிகள்ல ஒட்டினார். மொத்தம் 20 செட். 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. ஆசையில சேர்த்ததுன்னு நினைச்சிடாதீங்க! நாம உடுத்துறதைப் பார்த்து அங்கத்த மில்லுங்க நெய்து நமக்கே விக்கணும், அதுக்குத்தான். இன்னிக்கு லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல ஒரு செட் இருக்கு. நீளம், எடை, விலையெல்லாம் குறிச்சிருக்காங்க. நெய்தவர் பேர் இல்ல.

பாட்டி சேலை பெட்டியில இருந்தா, யார் நெய்தது, எப்ப வாங்கினதுன்னு இப்பவே கேட்டு எழுதி வைங்க.